மீன்மேல வெள்ளைப் புள்ளியா... மருந்தைத் திறக்குறதுக்கு முன்னாடி `எபிஸ்டைலிஸ்' பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறீர்கள். லைட்டைப் போட்டதும் மேலே ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் உங்கள் கோல்டு ஃபிஷ், இன்று ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிறது. மொபைல் கேமராவை ஜூம் பண்ணிப் பார்த்தால், துடுப்பிலும் செவுள் மூடியிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. அடுத்து என்ன செய்வோம்? கூகுளில் தேடுவோம். `ஒயிட் ஸ்பாட் நோய்' என்று பதில் வரும். ஹீட்டரைக் கூட்டுவோம், கையில் கிடைக்கிற நீல மருந்தை நாலு சொட்டு ஊற்றுவோம். மூன்று நாள் கழித்து மீன் மிதக்கும். `கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்று திட்டுவோம்.

கொஞ்சம் பொறுங்க மக்களே. அந்த வெள்ளைப் புள்ளி `ஒயிட் ஸ்பாட்'டாக இல்லாமலும் இருக்கலாம். அச்சு அசலாக அதே மாதிரி தெரியும் இன்னோர் ஆள் இருக்கிறார். பெயர், எபிஸ்டைலிஸ். இவர் மீனைத் தின்ன வந்தவர் இல்லை. மீன்மேல சும்மா உட்கார வந்தவர். ஆனால், அவர் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், உங்கள் தொட்டித் தண்ணீர் ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். அது என்னன்னு புரிஞ்சுக்கிட்டா மீன் பிழைக்கும்.

யார் இந்த எபிஸ்டைலிஸ்?

பள்ளிக்கூடத்தில் பாரமீசியம் படம் வரைந்தது ஞாபகம் இருக்கா? செருப்பு மாதிரி உடம்பு, சுற்றிலும் குட்டிக் குட்டி முடிகள். அந்த முடிகளுக்குக் குறு இழைகள் என்று பெயர். அவற்றை அசைத்து வாழும் ஒரு செல் உயிரிகளை `சிலியேட்' என்பார்கள். எபிஸ்டைலிஸும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால், பாரமீசியம் ஊர் சுற்றி. எபிஸ்டைலிஸ் ஓரிடத்தில் குடித்தனம் நடத்துகிற குடும்பஸ்தன்.

ஒரு சின்ன செடியைக் கற்பனை பண்ணிக்கோங்க. அடியில் ஒரு தண்டு. அது மேலே போகப்போக இரண்டிரண்டாகக் கிளை பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் கவிழ்க்காத மணி மாதிரி, மேல்பக்கம் வாய் திறந்த ஒரு செல். அந்த ஒவ்வொரு மணியும் ஒரு தனி உயிர். எல்லாம் சேர்ந்து ஒரே தண்டில் கூட்டுக்குடும்பமாக வாழ்கின்றன. இப்படிச் சேர்ந்து வாழ்வதைத்தான் விஞ்ஞானிகள் `காலனி' என்கிறார்கள்.

ஒரு மணியின் நீளம் சுமார் 0.1 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட நம் தலைமுடியின் தடிமன்தான். தனியாக இருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால், பத்து, ஐம்பது, நூறு என்று கூட்டமாகச் சேரும்போது வெள்ளைப் புள்ளியாகவோ, சின்ன பஞ்சுத் துணுக்காகவோ நம் கண்ணுக்குத் தெரிகிறது. நீங்கள் மீன்மேல் பார்த்த அந்த ஒரு `புள்ளி', உண்மையில் ஒரு முழு அபார்ட்மென்ட்!

எபிஸ்டைலிஸ் என்பது ஒரே ஓர் உயிரியின் பெயர் இல்லை. பல சிற்றினங்களைக் கொண்ட ஒரு பேரினத்தின் பெயர். இந்தப் பெயரை 1830-ல் வைத்தவர், ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் காட்ஃபிரைட் எரன்பெர்க். கிரேக்க மொழியில் `எபி' என்றால் மேலே, `ஸ்டைலோஸ்' என்றால் தூண். தூண்மேல் நிற்பவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எரன்பெர்க் பற்றி ஒரு சுவாரஸ்யம். இந்த மாதிரி நுண்ணுயிரிகளுக்கு அவர் சாயம் கலந்த உணவைக் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உடம்புக்குள் ஆங்காங்கே கலர் கலராக உருண்டைகள் தெரிந்தன. `ஆஹா, இதற்கு ஏகப்பட்ட வயிறு இருக்கிறது' என்று முடிவு செய்து, 1838-ல் வந்த தன் பெரிய புத்தகத்திலும் அப்படியே எழுதினார். அவை வயிறு இல்லை, சாப்பாட்டை மடித்து வைத்துக்கொள்ளும் தற்காலிக உணவுக் குமிழ்கள்தான் என்பது பிறகு தெளிவானது. ஆனாலும், அவர் வைத்த பெயர் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

சாப்பாடு எப்படி?

மணியின் வாய் ஓரத்தில் குறு இழைகள் வளையமாக இருக்கும். அவை எல்லாம் வரிசையாக அலையலையாக அசையும்போது தண்ணீரில் ஒரு சுழல் உண்டாகும். மிக்ஸி ஜாருக்குள் தண்ணீர் சுழல்கிற மாதிரி. அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு பாக்டீரியாக்களும் நுண்ணிய துணுக்குகளும் வாய்க்குள் வரும். உள்ளே போனதும் உணவுக் குமிழுக்குள் அடைபட்டு ஜீரணமாகும். தேவையில்லாதது வெளியே தள்ளப்படும்.

நன்னீரில் வாழ்வதால் இதற்கு இன்னொரு தலைவலியும் உண்டு. தண்ணீர் சும்மா சும்மா செல்லுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அப்படியே விட்டால் செல் ஊதி வெடித்துவிடும். அதனால் சுருங்கும் நுண்குமிழ் ஒன்று, ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற மாதிரி, நிரம்பி நிரம்பி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை மனசுல குறிச்சு வெச்சுக்கோங்க. இதன் சாப்பாடு மீன் இல்லை. மீனின் ரத்தமோ சதையோ இல்லை. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாதான். பாக்டீரியா நிறைய இருக்கிற இடத்தில்தான் எபிஸ்டைலிஸ் கூட்டமும் பெருகும். இனி வரப்போகிற எல்லாக் கதைக்கும் இதுதான் சாவி.

சொந்தக்காரர்கள்: தட்டிப் பார்த்தால் தெரியும்!

மணி மாதிரி உடம்பும் தண்டும் உள்ள நுண்ணுயிரிகள் இன்னும் சில உண்டு. பார்க்க எல்லாம் ஒரே குடும்ப ஜாடை. ஆனால், கண்டுபிடிக்க ஒரு ஈஸி வழி இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கண்ணாடியை லேசாகத் தட்ட வேண்டும். அப்போது யார் எப்படிப் பயப்படுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அவ்ளோதான்.

- வோர்டிசெல்லா: தனி ஆள். ஒரு தண்டு, ஒரு மணி. தட்டினால் தண்டு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, கண் இமைப்பதற்குள் மணியைக் கீழே இழுத்துவிடும்.
- கார்சீசியம்: கூட்டுக்குடும்பம். தண்டுக்குள் சுருங்கும் இழை உண்டு. ஆனால், கிளைக்குக் கிளை தனித்தனி இழை. அதனால், யார் பயந்தாரோ அவர் மட்டும் சுருங்குவார். மற்றவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுவார்கள்.
- ஸூதாம்னியம்: இதுவும் கூட்டுக்குடும்பம்தான். ஆனால், சுருங்கும் இழை தண்டு முழுக்க ஒன்றாக இணைந்திருக்கும். ஒருவர் பயந்தால் மொத்தக் குடும்பமும் சேர்ந்து சுருங்கும்.
- எபிஸ்டைலிஸ்: தண்டுக்குள் சுருங்கும் இழையே கிடையாது. தட்டினாலும் தண்டு விறைப்பாக அப்படியே நிற்கும். மணி மட்டும் வாயை மூடிக்கொண்டு, உடம்பை மடித்துக் குனியும்.

பயத்திலும் காலை நகர்த்தாமல் தலையை மட்டும் குனிகிறவர்தான் நம்ம ஆள். ஆனால், இந்த அடையாளம் வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான். டி.என்.ஏ-வை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, எபிஸ்டைலிஸ் என்று இதுவரை பெயர் வைத்த எல்லாமே ஒரே கிளையில் வரவில்லை. விறைப்பான தண்டு என்கிற ஒற்றுமையை மட்டும் நம்பினால், தூரத்துச் சொந்தங்களையும் உடன்பிறப்பு என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

குடும்பம் பெருகுவது எப்படி?

மணி நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். இரண்டும் ஆளுக்கொரு கிளை போட்டுக்கொண்டு அதே தண்டில் இருந்தால் காலனி பெரிதாகும். இட நெருக்கடி வந்தாலோ, சூழல் கெட்டாலோ கதை மாறும். சில மணிகள் உடம்பின் கீழ்ப்பக்கத்தில் புதிதாக ஒரு வளையம் குறு இழைகளை முளைக்க வைத்து, தண்டிலிருந்து கழன்று நீந்திப் போய்விடும். நல்ல இடம் கிடைத்ததும் ஒட்டிக்கொண்டு, இழைகளை விட்டுவிட்டு, புதுத் தண்டு சுரந்து புதுக்குடித்தனம் தொடங்கும்.

இவர்களுக்குள் கலப்பும் உண்டு. அளவில் சின்ன செல் ஒன்று நீந்தி வந்து, உட்கார்ந்திருக்கும் பெரிய செல்லோடு ஒட்டும். மரபுப் பொருள் கலக்கும். ஆனால், வந்த ஆள் திரும்பிப் போவதில்லை. பெரிய செல்லுக்குள் முழுசாகக் கரைந்துவிடுவார்.

எங்கெல்லாம் இருக்கும்?

குளம், ஏரி, வாய்க்கால், தொட்டி என்று நன்னீர் இருக்கிற எல்லா இடத்திலும் பார்க்கலாம். உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும். நீர்ச்செடியின் வேர், தண்ணீரில் மூழ்கிய கட்டை, நத்தை ஓடு, ஆமை ஓடு, டாப்னியா, சைக்ளாப்ஸ், இறால், பூச்சிகளின் இளம்புழு என்று பட்டியல் நீளும்.

ஓடுகிற வண்டியில் ஓசிப் பயணம் போவதில் இவருக்கு நிறைய லாபம். வண்டி நகர நகரப் புதுத் தண்ணீர், புதுச் சாப்பாடு. ஆனால், சைக்ளாப்ஸ், இறால் மாதிரி தோலுரிக்கும் உயிர்கள்மேல் குடியிருந்தால் ஒரு சிக்கல். அவை சட்டையைக் கழற்றிப் போடும்போது, அதோடு வீடும் போச்சு! அந்த நேரத்தில் நீந்தும் நிலைக்கு மாறி வேறு இடம் தேட வேண்டியதுதான்.

இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குடும்பம் நன்றாகவே பரிச்சயம். ஸூதாம்னியம், எபிஸ்டைலிஸ், வோர்டிசெல்லா மூன்றுமே வளர்ப்புக் குளங்களில் இறாலின் ஓட்டிலும் செவுளிலும் படியக்கூடியவை. ஒன்றிரண்டு இருந்தால் பிரச்னை இல்லை. மிச்சத் தீவனம் அழுகி, குளத்தில் சேறும் பாக்டீரியாவும் கூடும்போது இவை இறாலை போர்வை மாதிரி மூடிவிடும். செவுள் அடைபட்டு, ஆக்சிஜன் குறையும் விடியற்காலை நேரத்தில் இறால் மூச்சுத்திணறும். அங்கேயும் மூல காரணம் அழுக்குத் தண்ணீர்தான்.

மீனுக்கு இவர் எதிரியா?

1970-களில் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி ஏரிகளில் பாஸ் வகை மீன்களுக்கு உடம்பெல்லாம் சிவப்புப் புண் வந்தது. `ரெட் சோர்' நோய் என்று பெயர். புண்களைச் சோதித்தால் எபிஸ்டைலிஸ் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட குற்றவாளி என்றே பலரும் நினைத்தார்கள்.

தெற்கு கரோலினாவில் உள்ள `பார் பாண்ட்' என்ற நீர்த்தேக்கத்து மீன்களை வைத்து ஆய்வாளர்கள் ஆழமாகத் தோண்டினார்கள். டெர்ரி ஹேசன் உள்ளிட்டோர் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்தப் புண்களைப் பார்த்தபோது தெரிந்தது வேறு கதை. எபிஸ்டைலிஸின் தண்டிலோ, அது ஒட்டும் இடத்திலோ மீனின் சதையைக் கரைக்கும் நொதியைச் சுரப்பதற்கான அமைப்பு எதுவும் இல்லை. புண்ணுக்கு முதன்மைக் காரணம், `ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா' என்ற பாக்டீரியா. எபிஸ்டைலிஸ் அங்கே தங்கியிருந்த வாடகைக்காரர் மட்டுமே.

இன்னொரு முக்கியமான விஷயம், அந்த நீர்த்தேக்கம் அணு உலைகளைக் குளிர்விக்கப் பயன்பட்ட ஒன்று. உலையிலிருந்து வரும் சூடான தண்ணீர் அதில் கலந்தது. தண்ணீர் சூடாக ஆக, மீன்கள் மெலிந்து நலிய நலிய, புண் நோயும் கூடியதை அவர்கள் பார்த்தார்கள்.

இதற்காக எபிஸ்டைலிஸுக்கு முழு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. காலனி ரொம்பப் பெருகினால் தோல் உறுத்தும். செவுளில் படிந்தால் மூச்சுவிடக் கஷ்டமாகும். உறுத்திய இடத்தில் பாக்டீரியா புகுந்தால் புண், ரத்தக் கசிவு, துடுப்பு அழுகல் என்று வரிசையாக வரும். மீனைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள்தான்.

`ஒயிட் ஸ்பாட்'டா, எபிஸ்டைலிஸா?

ஒயிட் ஸ்பாட் நோயைத் தருவது `இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ்' என்ற வேறொரு சிலியேட். மீன் வளர்ப்பவர்கள் செல்லமாக `இக்' என்பார்கள். இது உண்மையான ஒட்டுண்ணி. மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து மீனையே சாப்பிட்டு வளரும். பிறகு கழன்று, தொட்டியின் தரையில் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிளந்து, அடுத்த மீனைத் தேடிக் கிளம்பும். வித்தியாசம் பார்க்க மொபைல் கேமராவும் டார்ச்சும் போதும்:

1. வடிவம்: இக் புள்ளிகள் தூள் உப்பைத் தூவிய மாதிரி உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். எபிஸ்டைலிஸ் காலனிகள் பெரிசும் சிறிசுமாக, பஞ்சு பிய்த்து ஒட்டிய மாதிரி, ஓரங்கள் சீராக இல்லாமல் இருக்கும்.
2. உள்ளேயா, வெளியேயா: பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இக் தோலுக்குள் புதைந்திருக்கும். எபிஸ்டைலிஸ் தோலுக்கு வெளியே தூக்கிக்கொண்டு நிற்கும்.
3. இடம்: எபிஸ்டைலிஸுக்குக் கெட்டியான இடங்கள் பிடிக்கும். துடுப்பு முள், செவுள் மூடி, செதில் ஓரம் போன்ற இடங்களை முதலில் பாருங்கள். இக் உடம்பு, துடுப்பு, செவுள் என்று எங்கும் பரவும்.
4. சுற்றுப்புறம்: புள்ளியைச் சுற்றிச் சிவந்து, ரத்தம் கட்டிய மாதிரி இருந்தால் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

இவை எல்லாமே `இப்படி இருக்கலாம்' என்று சொல்லும் அடையாளங்கள்தான். உறுதியாகச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும். மீனின் தோலிலிருந்து லேசாக வழித்தெடுத்த கோழையில், குதிரை லாட வடிவ உட்கருவோடு மெதுவாக உருளும் பெரிய உருண்டை தெரிந்தால் இக். தண்டோடு மணிகள் தெரிந்தால் எபிஸ்டைலிஸ் வகையறா.

இந்த வித்தியாசம் ஏன் உயிர்ப் பிரச்னை?

இக் என்றால் தண்ணீரின் வெப்பத்தை மெதுவாகக் கூட்டச் சொல்வார்கள். சூட்டில் அதன் வாழ்க்கைச் சுழற்சி சீக்கிரம் முடியும். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால் அது பெருகுவதே சிரமம். மருந்து வேலை செய்வதும் அது வெளியே நீந்தும் கட்டத்தில்தான். அதனால் அந்த வைத்தியத்தில் நியாயம் இருக்கிறது.

அதே வைத்தியத்தை எபிஸ்டைலிஸுக்குச் செய்தால்? தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பாக்டீரியா வேகமாகப் பெருகும். அதாவது எபிஸ்டைலிஸுக்கு விருந்து, ஏரோமோனாஸுக்குத் திருவிழா, மீனுக்கு மூச்சுத்திணறல். ஏற்கெனவே கோடை வெயிலில் தொட்டி கொதித்துக்கொண்டிருக்கும் ஊரில் ஹீட்டரையும் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்போ என்னதான் செய்யணும்?

- முதல் வேலை தண்ணீர்: நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். அடியில் தேங்கிய கழிவையும் மிச்சத் தீவனத்தையும் டியூப் போட்டு உறிஞ்சி எடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கிய பிறகே ஊற்றுங்கள்.
- டெஸ்ட் கிட் வாங்குங்கள்: மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். இல்லை என்றால் உங்கள் ஃபில்டர் திணறுகிறது.
- ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்: குளோரினில் அந்த நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள்.
- தீவனத்தைப் பாதியாக்குங்கள்: ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். `பாவம், பசிக்கும்' என்று கொட்டுவதுதான் பல தொட்டிகளில் பிரச்னையின் ஆரம்பம்.
- காற்று கொடுங்கள்: ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள். சூட்டைக் கூட்டாதீர்கள்.
- கூட்டத்தைக் குறையுங்கள்: சின்ன உருண்டை பௌலில் மூன்று கோல்டு ஃபிஷ் என்பது வீடு இல்லை, கூட்ட நேரத்து பஸ்.
- மீனைத் தனியாக வையுங்கள்: வெளிச் சிலியேட்களுக்கு உப்புக் குளியல் பழைய, பரவலான வழி. ஆனால், அளவு மீனுக்கு மீன் மாறும். கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பைத் தாங்காது. அதனால் தெரிந்தவரைக் கேட்டு, தனித் தொட்டியில் செய்யுங்கள்.
- நாம் சாப்பிடும் ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம்: புண் சிவந்து பரவினால் கால்நடை மருத்துவரையோ, மீன்வளக் கல்லூரியின் மீன்நோய்ப் பிரிவையோ கேளுங்கள். மாத்திரையை உடைத்துத் தொட்டியில் போட்டால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும்.

எபிஸ்டைலிஸ் மனிதர்களுக்கு நோய் தரும் உயிரி இல்லை. ஆனால், ஏரோமோனாஸ் நம் காயங்களில் தொற்றக்கூடியது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கையை விடாதீர்கள்.

இதே ஆள்... இன்னோர் இடத்தில் ஹீரோ!

இப்போது மீன் தொட்டியிலிருந்து உங்கள் பாத்ரூமுக்கு வாங்க. ஃபிளஷ் பண்ணிய தண்ணீர் எங்கே போகிறது? பெரிய அபார்ட்மென்ட் என்றால் பெரும்பாலும் அங்கேயே இருக்கிற எஸ்.டி.பி-க்கு, இல்லை என்றால் ஊருக்குப் பொதுவான கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. அங்கே பரவலாகப் பயன்படும் முறை, 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட ஒன்று. கழிவுநீரில் காற்றை ஊதி, பாக்டீரியாக்களை வளர்த்து, அவற்றையே அழுக்கைத் தின்ன வைப்பது. தின்று கொழுத்த பாக்டீரியாக்கள் திட்டுத்திட்டாகச் சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும்.

ஆனால், எல்லா பாக்டீரியாவும் ஒழுங்காகப் படியாது. சில தனித்தனியாக மிதந்து தண்ணீரைக் கலங்கலாக்கும். அவற்றைப் பொறுக்க ஆள் வேண்டுமே? அங்கேதான் எபிஸ்டைலிஸ், வோர்டிசெல்லா, கார்சீசியம் போன்ற மணிக் கூட்டம் வேலைக்கு வருகிறது. திட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, சுழல் உண்டாக்கி, மிதக்கும் பாக்டீரியாக்களை விழுங்குகிறது. 1968-ல் இங்கிலாந்து ஆய்வாளர் காலின் கர்ட்ஸும் சகாக்களும் சின்ன மாதிரித் தொட்டிகளில் இதைச் சோதித்தார்கள். சிலியேட்கள் இல்லாத தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. சிலியேட்களைச் சேர்த்ததும் தெளிந்தது.

அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒரு சொட்டுச் சேற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. தண்டுள்ள சிலியேட்கள் வகை வகையாக இருந்தால் பொதுவாக நிலையம் நலம். அவை காணாமல் போனால் காற்று குறைந்திருக்கலாம். ஏதாவது நச்சுக் கழிவு கலந்திருக்கலாம். இத்தாலியின் பாவ்லோ மடோனி 1994-ல் இதையே மார்க் போடும் முறையாக மாற்றினார். எந்தெந்த நுண்ணுயிரி, எத்தனை வகை என்று பார்த்து, சேற்றுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண்!

யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் எபிஸ்டைலிஸ் செய்வது ஒரே வேலைதான். பாக்டீரியா இருக்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. கழிவுநீர்த் தொட்டியில் அது வந்தால் நல்ல செய்தி. உங்கள் மீன் தொட்டியில், அதுவும் மீன்மேல், கூட்டம் கூட்டமாக வந்தால் கெட்ட செய்தி. ஏன்னா, கழிவுநீர்த் தொட்டியில் இருக்க வேண்டிய அளவு பாக்டீரியா உங்கள் வரவேற்பறைத் தொட்டியில் இருக்கிறது!

நீங்களே பார்க்கலாம்!

லேப் எல்லாம் வேண்டாம். மீரட்டில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்த மனு பிரகாஷும், ஜிம் சைபுல்ஸ்கியும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய `ஃபோல்டுஸ்கோப்' என்ற காகித மைக்ராஸ்கோப் இருக்கிறது. காகிதத்தை மடித்துச் செய்வது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். மொபைல் கேமராவோடு ஒட்டி வீடியோவும் எடுக்கலாம். 0.1 மில்லிமீட்டர் ஆளைப் பார்க்க இது தாராளம்.

பக்கத்துக் குளத்தில் ஆகாயத்தாமரை கிடந்தால், அதன் வேரில் ஒரு துண்டைக் கொஞ்சம் குளத்துத் தண்ணீரோடு எடுத்து வாருங்கள். வேர் நுனியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் விடுங்கள். பயம் தெளிந்ததும் மூடிய மணிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சுற்றிலும் துகள்கள் சுழன்று வாய்க்குள் போவது தெரியும். இப்போது லேசாகத் தட்டுங்கள். தண்டு சுருண்டால் சொந்தக்காரர். தண்டு நின்று, மணி மட்டும் குனிந்தால் எபிஸ்டைலிஸ். பார்த்து முடித்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவிடுங்க. அந்தத் தண்ணீரை மறந்தும் உங்கள் மீன் தொட்டியில் ஊற்றிடாதீங்க!

அடுத்த முறை மீன்மேல் வெள்ளையாக எதையாவது பார்த்தால் மருந்து பாட்டிலைத் தேடுவதற்கு முன், தண்ணீரை ஒரு கிளாஸில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மோந்து பாருங்கள், டெஸ்ட் கிட்டில் சோதியுங்கள். புள்ளியைத் துடைத்து எடுத்தாலும் தண்ணீர் மாறாத வரை அது திரும்ப வரும். தண்ணீரைச் சரிசெய்தால் பாக்டீரியா குறையும், சாப்பாடு இல்லாத எபிஸ்டைலிஸும் மூட்டையைக் கட்டும். வாடகைக்காரரை விரட்ட ஆயிரம் ரூபாய் மருந்தைவிட, வாரம் ஒரு வாளி நல்ல தண்ணீர் உருப்படியான வழி.